அழகான கையெழுத்து, நாற்பது ஆண்டு வாசிப்பு

ராமானுஜனின் நோட்டுப் புத்தகங்களை அப்படியே வண்ணத்தில் படம் பிடித்து 2012ல் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டது. அவருடைய 125வது பிறந்த ஆண்டுக்காக வந்த பதிப்பு அது. ஒரு நூலகத்தில் அதைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் இருந்த ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “எழுத்து முத்து முத்தா இருக்கு சார். ஒரு இடத்துலகூடத் தடுமாற வேண்டியதில்ல. இத அப்படியே போட்டாச்சு. அதுக்கப்புறம் அமெரிக்காவுல இருந்து ஒருத்தர் அஞ்சு வால்யூம் எழுதினாரே, அது எதுக்கு? ராமானுஜன் எழுதினதுக்கு மேல அவர் என்ன எழுதிட்டார்?”

அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே அவருக்கு அது நியாயமாகப் படவில்லை. ஒரு மேதை தன் கையால் எழுதி வைத்திருக்கிறார், அது நம் கையில் இருக்கிறது, நடுவில் இன்னொருவர் ஏன் வர வேண்டும் என்பதுதான் அவர் கேள்வி. நான் பதிப்பகங்களுக்கு மெய்ப்புப் பார்த்துப் பிழைப்பவன். மற்றவர்களின் கையெழுத்துப்படிகளை வாசிப்பதிலேயே பாதி வாழ்க்கை போயிருக்கிறது. அந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவே இல்லை. பாரதியோ, புதுமைப்பித்தனோ, யாருடைய கையெழுத்துப்படியைப் பற்றிப் பேச்சு வந்தாலும் ‘அப்படியே போட்டால் போதுமே’ என்று ஒரு குரல் எழும். அந்தக் குரலில் ஒரு பக்தி இருக்கிறது. அதை நான் மதிக்கிறேன். ஆனால் ராமானுஜனின் நோட்டுகளைப் போல அந்த வாதத்தை உடைத்துக் காட்டும் கையெழுத்து வேறு இல்லை என்று இப்போது எனக்குப் படுகிறது. ஏனென்றால் இங்கே எழுத்து புரியாத சிக்கலே கிடையாது. புள்ளி இல்லாத ஏட்டெழுத்து இல்லை, செல்லரித்த ஓரம் இல்லை, கிறுக்கல் இல்லை. ஒவ்வொரு குறியும் தெளிவாகத் தெரிகிறது. அப்படியிருந்தும் அதை வாசித்து முடிக்க ஒரு தலைமுறைக்கு மேல் ஆனது.

நோட்டில் என்ன இருக்கிறது

மூன்று நோட்டுகள். முதலாவதில் 351 பக்கம். ஏதோ ஓர் ஒழுங்கில் 16 அத்தியாயங்கள், பிறகு ஒழுங்கில்லாமல் சேர்த்த பக்கங்கள். இரண்டாவது முதலாவதன் திருத்திப் பெருக்கிய வடிவம். அதில் 21 அத்தியாயங்கள் 256 பக்கத்துக்குப் போகின்றன, அதற்குப் பின் 100 பக்கம் தனித்தனிக் குறிப்புகள். மூன்றாவது வெறும் 33 பக்கம். எல்லாம் சேர்த்து மூவாயிரத்துக்கும் மேற்பட்ட முடிவுகள். 1914 மார்ச் மாதம் கப்பலேறுவதற்கு முந்தைய பத்தாண்டுகளில், பெரும்பாலும் கும்பகோணத்திலும் சென்னையிலும் எழுதியவை.

மூவாயிரத்துக்கும் மேற்பட்ட முடிவுகளுக்கு நிரூபணம் எவ்வளவு? ஏறக்குறைய இல்லை. அங்கங்கே ஒரு வரி, ‘இதிலிருந்து இது’ என்பதுபோல ஒரு சாடை, அவ்வளவுதான். காரணங்கள் எல்லோருக்கும் தெரிந்தவை. பள்ளி நாட்களில் அவர் கைக்குக் கிடைத்த, ஜி.எஸ். கார் என்ற ஆங்கிலேயர் எழுதிய புத்தகம் ஐயாயிரம் போல முடிவுகளை அடுக்கி, நிரூபணத்தைக் குறிப்பளவில் விட்டுவிடும் வகை. காகிதம் விலை அதிகம். சிலேட்டில் கணக்குப் போட்டு, முழங்கையால் அழித்து, கடைசி விடையை மட்டும் நோட்டில் ஏற்றுவார். அந்த முழங்கையைப் பற்றி எல்லோரும் ஒரு அழகான கதைபோலச் சொல்கிறார்கள். மெய்ப்புப் பார்ப்பவன் கண்ணுக்கு அது வேறு மாதிரி தெரிகிறது. ஒரு கையெழுத்துப்படியின் வரைவுகள் அனைத்தும் அன்றன்றே அழிக்கப்பட்டன, நம்மிடம் இருப்பது இறுதிப் பிரதி மட்டும். எழுதியவர் எங்கே தயங்கினார், எதை மாற்றினார், எந்த வழியில் வந்தார் என்பதற்கு மற்ற எழுத்தாளர்களிடம் கிடைக்கும் தடயங்கள் இங்கே கிடையாது. எழுத்து முத்து முத்தாக இருப்பதற்கும் இதுவே காரணம். சிலேட்டில் நடந்த போராட்டம் முடிந்த பிறகுதான் பேனா நோட்டைத் தொடுகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த நோட்டுகள் அச்சுக்காக எழுதியவை அல்ல. வேலை தேடி அலைந்த நாட்களில் அவர் இவற்றை இடுக்கிக்கொண்டு போய்க் காட்டியிருக்கிறார்; திருக்கோவிலூரில் டெபுடி கலெக்டராக இருந்த வி. ராமஸ்வாமி ஐயரிடம், பிறகு நெல்லூரில் ராமச்சந்திர ராவிடம். எஃப்.ஏ. என்ற கல்லூரித் தேர்வில் தேறாத ஓர் இளைஞனுக்கு இந்த நோட்டுதான் சான்றிதழ். தனக்கே ஒரு நினைவுப் பெட்டகம், பிறருக்குக் காட்ட ஒரு சான்று என்ற இரண்டு வேலைக்காகவும் எழுதிய ஒன்றைப் புத்தகமாக வாசிக்கப் போகும்போது, எழுதியவருக்குத் தெரிந்ததாலேயே எழுதாமல் விட்டவை ஏராளம் இருக்கும் என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

உ.வே.சா. இருந்த அதே கல்லூரி

இதை யோசிக்கும்போது உ.வே. சாமிநாதையர் நினைவுக்கு வராமல் இருக்க முடியாது. அவர் கும்பகோணம் அரசு கல்லூரியில் 1880 முதல் 1903 வரை தமிழ் ஆசிரியர். ராமானுஜன் அதே கல்லூரியில் 1904ல் போய்ச் சேர்கிறார். ஓராண்டு இடைவெளியில் தவறிவிட்டார்கள். சீவக சிந்தாமணி அச்சேறிய 1887தான் ராமானுஜன் பிறந்த ஆண்டும்கூட. இதில் விதியின் விளையாட்டு எதையும் நான் தேடவில்லை. ஆனால் பதிப்பு என்றால் என்ன என்று தமிழில் நமக்குக் கற்றுக்கொடுத்தவர் உ.வே.சா. என்பதால், அவருடைய வேலையோடு வைத்துப் பார்த்தால்தான் ராமானுஜனின் பதிப்பாளர்களுடைய வேலை எனக்குப் பிடிபடுகிறது.

ஐயரிடம் நூலாசிரியரின் கையெழுத்து கிடையாது. படி எடுத்தவருக்குப் படி எடுத்தவர் எழுதிய ஏடுகள், ஊர் ஊராகத் தேடிச் சேர்த்தவை, ஒன்றோடொன்று மாறுபடுபவை. பாடபேதங்களை ஒப்பிட்டு, உரையின் துணையோடு, நூலாசிரியர் எழுதியிருக்கக்கூடியதை எட்டிப் பிடிப்பது அவர் வேலை. ராமானுஜன் விஷயத்தில் எல்லாம் தலைகீழ். ஆசிரியரின் சொந்தக் கை. பாடபேதம் என்று பெரிதாக இல்லை. உரையும் இல்லை. என்ன எழுதியிருக்கிறது என்பதில் சந்தேகமே இல்லாதபோது பதிப்பாசிரியர் எதைக் கண்டுபிடிக்க வேண்டும்? எழுதியிருப்பது உண்மையா என்பதை. அதற்கு நிரூபித்துப் பார்ப்பது தவிர வேறு வழி இல்லை. ஒவ்வொரு வரியும் ஒரு கணக்கு. அந்தக் கணக்கைப் போட்டு முடிக்காதவரை அந்த வரியை வாசித்ததாகச் சொல்ல முடியாது. ஆசிரியர் நண்பரின் கேள்விக்கு முதல் பதில் இதுதான். ‘அப்படியே போட்ட’ பதிப்பு 1957லேயே வந்துவிட்டது. இதே டாட்டா நிறுவனம்தான் பம்பாயிலிருந்து இரண்டு தொகுதிகளாக, ஒரு வரி விளக்கம்கூடச் சேர்க்காமல் வெளியிட்டது. அது பெரிய உபகாரம், அது இல்லாமல் பின்னால் எதுவும் நடந்திருக்காது. ஆனால் அந்தப் புத்தகம் பதினேழு ஆண்டுகள் நூலகங்களில் ஏறக்குறைய வாசிப்பாரின்றி இருந்தது.

முதலில் இரண்டு பேர், பிறகு ஒருவர்

பதிப்பிக்கும் முயற்சி 1957க்கு முன்பே தொடங்கியிருந்தது. முதல் நோட்டு, ராமானுஜனைக் கேம்பிரிட்ஜுக்கு வரவழைத்த கணிதர் ஹார்டியிடம் இங்கிலாந்தில் இருந்தது. 1925ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் எஸ்.ஆர். ரங்கநாதன் வழியாக அது ஊர் திரும்பியது. நம் நூலகவியலின் தந்தை என்று சொல்கிறோமே, அவரேதான். பிறகு மூன்று நோட்டுகளையும் கையால் படி எடுத்து ஒரு படியை ஹார்டிக்கு அனுப்பினார்கள். 1929ல் ஜி.என். வாட்சன், பி.எம். வில்சன் என்ற இரண்டு ஆங்கிலேயக் கணிதர்கள் பதிப்பு வேலையை ஏற்றார்கள். அத்தியாயங்களைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். 1935ல் வில்சன் இறந்துபோனார். வாட்சன் தனியாகச் சில ஆண்டுகள் தொடர்ந்தார். நோட்டிலிருந்து அரிய முடிவுகளை எடுத்து நல்ல நல்ல கட்டுரைகளாக எழுதினார். முப்பதுகளின் கடைசியில் அவரும் விட்டுவிட்டார். பதிப்பு வரவே இல்லை.

1974 பிப்ரவரியில் பிரின்ஸ்டனில் இருந்த புரூஸ் பெர்ன்ட் (ஆசிரியர் நண்பர் சொன்ன அந்த அமெரிக்கர் இவர்தான்), வேறு ஒருவரின் ஆய்வுக் கட்டுரைகளில் ராமானுஜனின் சில சூத்திரங்களுக்கான நிரூபணங்களைப் பார்க்கிறார். தான் ஏற்கெனவே நிரூபித்திருந்த ஒரு முடிவிலிருந்து அவை வந்துவிடும் என்று அவருக்குத் தெரிகிறது. அப்படியானால் நோட்டில் இன்னும் என்னென்ன தன் வழியில் வரும் என்று பார்க்க 1957 பதிப்பைத் தேடிப் போகிறார். இரண்டாம் நோட்டின் 14ஆம் அத்தியாயத்தில் சில வருகின்றன, பல வரவில்லை. அந்த அத்தியாயத்தில் மொத்தம் 87 முடிவுகள். அதை மட்டும் முடிக்க அவருக்கு ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. 1977ல் வாட்சனும் வில்சனும் விட்டுச்சென்ற குறிப்புகள் கேம்பிரிட்ஜில் பத்திரமாக இருக்கின்றன என்று ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் என்ற இன்னொரு அமெரிக்கக் கணிதர் வந்து சொன்ன பிறகு, முழுவதையும் பதிப்பிப்பது என்று முடிவெடுக்கிறார். 1985ல் முதல் தொகுதி, 1998ல் ஐந்தாவது.

நான் அதிகம் யோசித்தது வாட்சனுக்கும் பெர்ன்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பற்றித்தான். வாட்சன் பெர்ன்டை விடக் குறைந்த கணிதர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அவர் தேர்ந்தெடுத்தார். ஒளி வீசும் இடங்களுக்குப் போனார். பெர்ன்ட் வரிசையாகப் போனார். அத்தியாயம் ஒன்றில் மாயச் சதுரங்கள் இருக்கின்றன, பள்ளிப் பையன் காலத்து விஷயம், அதையும் எடுத்துக்கொண்டார். ஏற்கெனவே ஐரோப்பாவில் யாரோ கண்டுபிடித்துவிட்டதை ராமானுஜன் தானாக மறுபடி கண்ட இடங்கள் நிறைய; அங்கெல்லாம் யாருக்கு முன்பே தெரியும் என்று எழுதினார். சின்ன வரி, பெரிய வரி என்று பார்க்கவில்லை. ராமானுஜன் வைத்த வரிசை எண்ணையும் கூடுமானவரை மாற்றாமல் வைத்தார். இதில் பகட்டாக ஒன்றும் இல்லை. ஒரு மேதையின் பக்கங்களில் இது முக்கியம், இது சாதாரணம் என்று பிரிக்கும் உரிமையைப் பதிப்பாசிரியர் எடுத்துக்கொள்ளக் கூடாது என்ற அடக்கம் அது. மெய்ப்பு மேசையில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும், இது எவ்வளவு கடினம் என்று. சலிப்பான பக்கத்தில்தான் கண் தாவும்.

அவர் மாற்றியவையும் உண்டு, அவற்றையும் நான் ஏற்கிறேன். இன்று கணிதர்கள் ‘க்யூ’ என்ற எழுத்தைப் போடும் இடத்தில் ராமானுஜன் நோட்டில் ‘எக்ஸ்’ போட்டிருக்கிறார். எண்ணின் இடப்பக்கமும் அடியிலும் கோடு இழுத்துத் தொடர்பெருக்கலைக் குறிக்கும் பழைய வழக்கமும் அவரிடம் உண்டு, காரின் தலைமுறையில் எழுதியது போல. பெர்ன்ட் இவற்றை இன்றைய குறியீட்டுக்கு மாற்றினார். படம் பிடித்த பதிப்பு பக்கத்திலேயே இருப்பதால் மூலம் எங்கும் போய்விடவில்லை. தைரியமாக மாற்றலாம். ‘அப்படியே போடு’ என்பவர்களும் ‘பதிப்பித்துப் போடு’ என்பவர்களும் சண்டை போடத் தேவையில்லாதது இந்த ஓர் இடத்தில்தான். இரண்டும் இருந்தால்தான் இரண்டுக்கும் மதிப்பு.

சரி, தவறுகள்? இருக்கின்றன. அத்தனை ஆயிரம் முடிவுகளில் உண்மையிலேயே பெரிய தவறுகள் மிகச் சில. அவற்றில் முக்கியமானவை பகா எண்களைப் பற்றியவை. ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில் ஒரு குறிப்பிட்ட எண்வரை எத்தனை பகா எண்கள் வரும் என்பதற்கு ஒரு சூத்திரம் சொல்லி, அது கிட்டத்தட்டத் துல்லியம் என்றார். அது உண்மையில்லை. ரீமன் சார்பின் கலப்பெண் பூச்சியங்களை அவர் கணக்கில் எடுக்கவே இல்லை. நம் ஊரில் ஒரு பெரியவரின் கையெழுத்துப்படியில் இப்படி ஒன்று கிடைத்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும்: ஒன்று, சத்தமில்லாமல் காணாமல் போகும், அல்லது சத்தமில்லாமல் திருத்தப்படும். பெர்ன்ட் நான்காம் தொகுதியில் பகா எண்களுக்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கி, ராமானுஜன் என்ன சொன்னார், எங்கே வழுக்கினார், எப்படி யோசித்ததால் வழுக்கினார் என்று எழுதினார். ராமானுஜனை ஒரு மனிதராக நான் மிக அருகில் பார்த்தது அந்த அத்தியாயத்தைப் பற்றி வாசித்தபோதுதான். வெற்றியில் அவர் எட்ட முடியாதவராக இருக்கிறார். தவறில் அவர் யோசிக்கும் விதம் தெரிகிறது.

1976, கேம்பிரிட்ஜ்

இந்தக் கதை முழுவதிலும் நான் திரும்பத் திரும்பப் போய் நிற்பது ஓர் இடத்தில். ராமானுஜன் 1919ல் ஊர் திரும்பி, 1920 ஏப்ரல் 26ஆம் தேதி சேத்துப்பட்டில் 32 வயதில் இறந்துபோனார். அந்த ஓராண்டில் படுத்த படுக்கையாகவே எழுதிக்கொண்டிருந்தார். இறப்பதற்கு நான்கு நாள் முன்புவரை கணக்குப் போட்டார் என்று மனைவி ஜானகி அம்மாள் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அந்தத் தாள்கள் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் போயின. பதிவாளர் டியூஸ்பரி 1923 ஆகஸ்டில் அவருடைய தாள்களை ஹார்டிக்கு அனுப்பினார். பிறகு அவை வாட்சனிடம் போய்ச் சேர்ந்தன. வாட்சன் 1965ல் இறந்தார். அவரைப் பற்றி நினைவுக் குறிப்பு எழுத வேண்டியிருந்த விட்டேக்கர் என்ற கணிதர் வீட்டுக்குப் போனபோது, ஓர் அறை முழுக்க ஓரடி உயரத்துக்குத் தாள்கள். ரசீதுகள், வருமான வரிக் கணக்குகள், கணிதம், எல்லாம் கலந்து. சில நாளில் எரிக்கப்பட இருந்தவை. கைவிட்டு எடுத்ததில் ராமானுஜனின் தாள்கள் வந்தன. அவற்றை ராபர்ட் ராங்கின் 1968 டிசம்பரில் டிரினிட்டி கல்லூரிக்கு அனுப்பினார். அங்கே ரென் நூலகத்தில், வாட்சனின் பிற தாள்களோடு ஒரு பெட்டியில் வைத்தார்கள்.

இங்கே கவனிக்க வேண்டியது, இந்தத் தாள்கள் ‘தொலைந்தவை’ என்று சொல்லும் அளவுக்கு மறைந்திருக்கவில்லை என்பது. எத்தனை பேர் கையில் இருந்திருக்கின்றன பாருங்கள்: பல்கலைக்கழகம், ஹார்டி, வாட்சன், விட்டேக்கர், ராங்கின், நூலகர்கள். ராமானுஜனின் கையெழுத்து என்பது தெரிந்தே இருந்தது. பட்டியலிலும் ஏறியிருந்தது. 1976 வசந்தத்தில் ஆண்ட்ரூஸ் ஐரோப்பாவில் ஒரு மாநாட்டுக்கு வந்தவர், வாட்சனின் தாள்களைப் பார்க்கலாம் என்று கேம்பிரிட்ஜ் போகிறார். பெட்டியைத் திறந்து தாள்களைப் புரட்டுகிறார். தலைப்பு இல்லை, அத்தியாயம் இல்லை, வார்த்தைகளே அபூர்வம். சூத்திரம் மேல் சூத்திரம். ஒரு பக்கத்தில் மாக் தீட்டா என்ற ஒரு வகைச் சார்புகள் வருகின்றன. அந்தச் சார்புகளை ராமானுஜன் முதன்முதலில் சொன்னது 1920 ஜனவரியில் ஹார்டிக்கு எழுதிய கடைசிக் கடிதத்தில். ஆகவே இந்தத் தாள்கள் கடைசி ஓராண்டைச் சேர்ந்தவை என்று ஆண்ட்ரூஸுக்கு அந்த இடத்திலேயே தெரிந்துவிடுகிறது. எப்படித் தெரிந்தது? பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் அவர் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ந்த பொருளே மாக் தீட்டா சார்புகள்தான். அன்றைய தேதியில் அவற்றைப் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் காணக்கூடியவர்கள் உலகத்தில் ஒரு கை விரல்களுக்குள் அடங்குவார்கள்.

தேதி போடாத ஒரு கையெழுத்துப்படிக்குத் தேதி போட மையையும் காகிதத்தையும் பார்ப்பார்கள், எழுத்தின் சாய்வைப் பார்ப்பார்கள். இங்கே தேதி சூத்திரத்துக்குள் இருந்தது. படமாகப் பிடித்து உலகம் முழுக்க அனுப்பியிருந்தாலும் அதைப் பார்க்கும் கண் வேண்டும். அந்தக் கண் பன்னிரண்டு ஆண்டு உழைப்பால் உண்டானது. ஆசிரியர் நண்பர் கேட்டபோது இதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன். கையெழுத்து தெளிவாக இருந்தது, எல்லோரும் பார்த்தார்கள், ஒருவர் வாசித்தார்.

‘தொலைந்த நோட்டு’ என்றே பெயர் நிலைத்துவிட்ட அந்தத் தாள்களின் படப் பதிப்பு நூற்றாண்டு விழாவை ஒட்டி நரோசா பதிப்பகத்தின் வழியாக வந்தது. அதில் 600க்கும் மேற்பட்ட சூத்திரங்கள். ஆண்ட்ரூஸும் பெர்ன்டும் சேர்ந்து அதற்கு ஐந்து தொகுதி எழுதினார்கள். 2005ல் தொடங்கி 2018ல் முடிந்தது. 1974லிருந்து எண்ணினால் நாற்பத்து நான்கு ஆண்டுகள்.

335ஆம் பக்கம்

தெளிவான எழுத்து எப்படித் தெளிவில்லாமல் போகும் என்பதற்கு அந்தப் பதிப்பின் 335ஆம் பக்கத்தைச் சொல்வார்கள். தொலைந்த நோட்டோடு சேர்த்து வெளியிட்ட உதிரித் தாள்களில் ஒன்று. அதில் இரண்டு சூத்திரங்கள். ஒரு வட்டத்துக்குள் எத்தனை முழு எண் புள்ளிகள் விழும் என்ற பழைய கேள்வியோடு ஒன்று தொடர்புடையது. ஓர் எண்ணுக்கு எத்தனை வகுத்திகள் என்பதோடு மற்றொன்று. ஒவ்வொன்றின் வலப்பக்கத்திலும் இரட்டைத் தொடர்: முடிவில்லாமல் போகும் கூட்டலுக்குள் இன்னொரு முடிவில்லாத கூட்டல். நாலும் ஐந்தும் சேர்ந்தாலும் ஐந்தும் நாலும் சேர்ந்தாலும் ஒன்பதுதான். முடிவில்லாத தொடர்களில் அந்த உத்தரவாதம் கிடையாது. எந்தக் கூட்டலை முதலில் செய்கிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறலாம், விடையே இல்லாமலும் போகலாம். ராமானுஜன் ஒரு வரிசையில் எழுதியிருக்கிறார். அந்த வரிசையைக் கறாராக எடுத்துக்கொள்ள வேண்டுமா? அல்லது இரண்டையும் சேர்த்து ஒன்றாக வளர்த்துப் பார்த்தாரா? பெர்ன்டும் அவருடைய சக ஆய்வாளர்களும் மூன்று விதமாகப் பொருள் கொண்டு, மூன்றையும் தனித்தனியாக எடுத்து உழைத்தார்கள். ஒரே வரிக்கு மூன்று பொருள். உரையாசிரியர்களோடு வளர்ந்த நமக்கு இது புதிதல்ல. பரிமேலழகரும் மணக்குடவரும் ஒரே குறளில் வேறு வேறு இடத்தில் நிறுத்தி வாசிப்பதை நாம் பள்ளியிலேயே பார்த்திருக்கிறோம்.

எனக்கு இன்னும் அடங்காத ஒன்று உண்டு. பெர்ன்ட் பல இடங்களில் மாடுலர் வடிவங்களின் கோட்பாடு போன்ற, ராமானுஜன் பயன்படுத்தியிருக்க வாய்ப்பில்லாத கருவிகளால் நிரூபிக்கிறார். சூத்திரம் சரி என்று அது காட்டுகிறது. அவர் எப்படி அங்கே போனார் என்று காட்டவில்லை. பெர்ன்ட் இதை மறைப்பதில்லை. விடை முன்பே தெரிந்திருந்தால்தான் இந்த வழி உதவும், ராமானுஜனின் வழி இதுவல்ல என்று வெளிப்படையாகச் சொல்கிறார். அந்த நேர்மை எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஆனாலும் இடைவெளி அப்படியே இருக்கிறது. பதிப்பு முடிந்துவிட்டது என்கிறோம், நிரூபணங்கள் எல்லாம் அச்சில் இருக்கின்றன, அவர் நடந்த பாதை மட்டும் அந்தச் சிலேட்டோடு போய்விட்டது. இதைப் பதிப்பாளர்களின் குறையாக நான் நினைக்கவில்லை. ஆனால் ‘ராமானுஜனை முழுவதும் வாசித்தாயிற்று’ என்று யாராவது எழுதினால் எனக்குக் கோபம் வருகிறது.

அடித்த பக்கங்கள்

தொலைந்த நோட்டில் சூத்திரங்கள் மட்டும் இல்லை. வெறும் கணக்குப் போட்ட பக்கங்களும் உண்டு: எண் அட்டவணைகள், பாதியில் விட்டவை, அடித்தவை, ஒரு சொல் விளக்கம்கூட இல்லாதவை. சிலேட்டில் அழிந்திருக்க வேண்டியவை தாளில் தப்பிப் பிழைத்திருக்கின்றன. வழக்கமான பதிப்பில் இவற்றைப் பின்னிணைப்பில் ஒரு மூலையில் போடுவார்கள், பல பதிப்புகளில் அதுவும் கிடையாது.

இந்தப் பக்கங்களில் பலவற்றுக்குப் பின்னால் இருப்பதாகச் சொல்லப்படும் கணக்கு எளிமையானதுதான். 4 என்ற எண்ணைக் கூட்டல்களாகப் பிரித்தால் ஐந்து வழி வரும்: 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1. 4, 9, 14 என்று ஐந்து ஐந்தாகப் போகும் எண்களுக்கு இப்படிப் பிரிக்கும் வழிகளின் எண்ணிக்கை எப்போதும் ஐந்தால் வகுபடும் என்று ராமானுஜன் கண்டார். ஏழுக்கும் பதினொன்றுக்கும் இதேபோல உண்டு. ஏன் வகுபடுகிறது என்று கண்ணால் காணும்படி சொல்ல முடியுமா என்று 1944ல் ஃப்ரீமன் டைசன் என்ற மாணவர் கேட்டார். ஐந்துக்கும் ஏழுக்கும் ஓர் அளவையைச் சொன்னார்; பதினொன்றுக்கு அது போதவில்லை. இன்னொரு அளவை இருந்தாக வேண்டும் என்று, இன்னும் கண்டுபிடிக்காத அதற்கு ‘கிராங்க்’ என்று பெயரும் வைத்துவிட்டார். ஆண்ட்ரூஸும் ஃபிராங்க் கார்வனும் அதைக் கண்டுபிடித்து 1988ல் வெளியிட்டார்கள். தடயம் கிடைத்த இடம் தொலைந்த நோட்டு. டைசன் கேள்வி கேட்பதற்கு இருபத்து நான்கு ஆண்டுகளுக்கு முன்பே, அதைப் பிறப்பிக்கும் சார்பு ராமானுஜனின் தாளில் இருந்தது, பெயர் இல்லாமல்.

பிறகு பெர்ன்டும் சக ஆய்வாளர்களும் அந்தக் கணக்குப் பக்கங்களைத் திரும்பப் பார்த்தார்கள். அடித்தவை, அட்டவணைகள், பாதி வரிகள், எல்லாவற்றையும். 2010ல் வெளியிட்ட ஒரு கட்டுரையில், அந்தப் பக்கங்களில் பலவும் கிராங்கைச் சுற்றியே போவதாக வாதிட்டார்கள். ராமானுஜனின் கடைசிச் சிந்தனை மாக் தீட்டா என்றுதான் அதுவரை எல்லோரும் நம்பியிருந்தோம். கடைசிக் கடிதம் அப்படி நம்ப வைத்தது. இவர்கள் சொல்வது வேறு: இறப்பதற்கு முந்தைய நாட்களில் அவர் போட்டுக்கொண்டிருந்தது கிராங்க் கணக்காக இருக்க வேண்டும்.

இதை ஆசிரியர் நண்பரிடம் பிறகு ஒரு நாள் சொன்னேன். கவனமாகக் கேட்டுவிட்டு, “அது யூகந்தானே சார்? அவர் எழுதி வெக்கலையே” என்றார். யூகம்தான். அப்படித்தான் அவர்களும் எழுதியிருக்கிறார்கள், எந்த அட்டவணை எதோடு பொருந்துகிறது என்று ஒவ்வொன்றாகக் காரணம் காட்டி. வேறொருவர் வந்து அதே அட்டவணைகளைக் கொண்டே மறுக்கலாம், அதற்கான பொருள் முழுவதும் படப் பதிப்பில் இருக்கிறது. நண்பர் ஒப்புக்கொள்ளவில்லை. மேதையின் கடைசி நாட்களைப் பற்றி யூகிக்க யாருக்கும் உரிமை கிடையாது என்பது அவர் கட்சி. அந்தப் பக்கங்களை யாரும் தொடாமல் வெறும் கிறுக்கல் என்று விட்டுவைப்பது அதைவிடப் பெரிய அவமதிப்பு என்பது என் கட்சி. அடுத்த முறை சந்திக்கும்போது கிராங்க் அட்டவணை ஒன்றை எடுத்துக்கொண்டு வாருங்கள், போட்டுப் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார்.